அடைக்கலமும் நன்றியும்

தமிழில் நாய் என்னும் சொல்லின் பக்கத்தில் இரண்டு சொற்கள் எப்போதும் காத்து நிற்கின்றன. ஒன்று வசை, மற்றொன்று நன்றி. சினங்கொண்டவன் பிறனை நாய் என்று ஏசுகிறான். பள்ளிப் பிள்ளையோ நாயைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, அது நன்றியுள்ள விலங்கு என்றே முதல் வரியைத் தொடங்குகிறது. ஆசிரியரும் அந்த வரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் வழங்குகிறார்.

இக்கருத்துக்கு இலக்கியச் சான்றும் உண்டு. நாலடியார் யானையின் நட்பையும் நாயின் நட்பையும் எடைபோட்டு, நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று தீர்ப்பளிக்கிறது. வளர்த்தவனே வேலெறிந்தாலும், உடலில் தைத்த வேலோடு நாய் வாலாட்டி நிற்குமாம். நாயின் பெருமையை இதனினும் உயர்த்திச் சொல்வது அரிது. ஆனால் அந்த வேலை எறிந்த கை எதற்காக எறிந்தது என்று அப்பாடல் கேட்கவில்லை. நட்பின் இலக்கணம் சொல்ல வந்த பாடலிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டிய இடங்கள் உண்டு. காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் நாள் அவற்றுள் ஒன்று.

சிரம்பான் நகரிலிருந்து துவாங்கு ஜாபர் மருத்துவமனையைக் கடந்து மம்பாவ் நோக்கிச் செல்லும் சாலையில் ராசா இருக்கிறது. அங்குள்ள தாமான் ஒன்றில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். எந்த வீடு என்பது பெரிதன்று. அத்தகைய வீடுகள் அவ்வட்டாரத்தில் பல. கணவன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மனைவி கிளினிக் ஒன்றில் எழுத்தர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்வெட்டில் உழைத்து ஓய்ந்த பாட்டி ஒருவர். பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இணங்கிக் காப்பகத்துக்குச் சென்றார்கள். பழுப்பு நிறப் பெட்டை நாய் ஒன்றைத் தேர்ந்தார்கள். காரில் ஏற்றி வரும் வழியெல்லாம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

மூன்றாம் நாள் அக்கொண்டாட்டம் வற்றிவிட்டது. நாய் பின்கட்டில் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வைத்த சோற்றை ஒருவரும் இல்லாத நள்ளிரவில் மட்டுமே தின்றது. கூடத்தில் சிறுநீர் கழித்தது. இளைய பிள்ளை அணைக்கப் போனபோது உதட்டை உயர்த்திப் பல்லைக் காட்டியது. வேலை முடிந்து களைத்து வந்த குடும்பத் தலைவன் வெகுண்டான்.

"சாகக் கிடந்ததைத் தூக்கிட்டு வந்து சோறு போட்டா, நம்ம பிள்ளைகிட்டயே பல்லைக் காட்டுது. நன்றி கெட்ட நாய்! ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

பாட்டி மட்டும், "விடு தம்பி. அது இன்னும் வந்து சேரலப்பா," என்றார்.

மகன் கூறியதில் ஓர் அறக்கோட்பாடு அடங்கியிருக்கிறது: 'உதவி செய்தேன், ஆகவே நன்றி எனக்கு வரவேண்டிய கடன்.' மனிதருக்கிடையில் இக்கணக்கு ஓரளவு செல்லும். ஏனெனில் உதவி பெற்றவன், தான் உதவி பெற்றதை அறிவான். நாய் எதை அறியும்?

அது அறிந்தது இவ்வளவே. ஒரு கூண்டு இருந்தது. இரைச்சல் மிகுந்த இடமாயினும் அதன் மணங்கள் பழகியிருந்தன. உணவு தரும் கை எது என்பது தெரிந்திருந்தது. அடுத்த கூண்டில் ஒரு தோழமையும் இருந்திருக்கலாம். ஒரு நாள் அறிமுகமற்ற சிலர் வந்தனர், உறுமும் பெட்டி ஒன்றில் ஏற்றினர், எங்கோ இறக்கிவிட்டனர். மீட்பு என்ற சொல் மனிதர் தமக்குள் வைத்துக்கொண்ட பெயர். நாயின் பக்கத்திலிருந்து நோக்கினால், அது மற்றுமோர் இடப்பெயர்ச்சியே ஆகும்.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு காப்பகத்துக்கு வந்த நாய்களின் குருதியை ஆய்ந்து 1997இல் ஆய்வுரை ஒன்று வெளியாயிற்று. அச்சத்திலும் நெருக்கடியிலும் மிகும் கார்ட்டிசோல் என்னும் சுரப்பு, புது இடத்தின் முதல் மூன்று நாள்களில் அந்நாய்களுக்கு மிக உயர்ந்து காணப்பட்டது. இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தது. மணியோசைக்கு உமிழ்நீர் சுரக்கும் நாய்களால் பெயர் பெற்ற பாவ்லவின் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நீர் புகுந்தது. கூண்டுகளில் சிக்கிய நாய்களைப் பணியாளர் பெரும்பாடுபட்டு நீந்தச் செய்து காப்பாற்றினர். வெள்ளம் வடிந்தது, நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றுள் சில, முன்பு கற்ற பழக்கங்களை இழந்து நின்றன. வாரக்கணக்கில் பயிற்றி மீண்டும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகும், கதவின் கீழே சிறிது நீர் கசிந்து ஓடவிட்டதுமே ஒரு நாய் நடுங்கிப் பழைய நிலைக்குச் சரிந்தது. உயிரைக் காத்தது ஒரு நாள் வேலை. அச்சத்தை அகற்றுவது அந்த நாளோடு முடியவில்லை.

இதே வேறுபாடு சென்னையிலும் காணக்கிடக்கிறது. 1959இல் பெருமழை நாளொன்றில், விமானியான கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அந்த வீட்டிலிருந்து வளர்ந்ததே இந்திய நீலச் சிலுவைச் சங்கம். குட்டிகளைத் தூக்கிய செயலுக்குச் சில நிமிடங்கள் போதும். அவற்றை வைத்துப் பேண ஒரு வீடு முழுதும் வேண்டியிருந்தது. கதை சொல்வோர் வெள்ளத்தைச் சொல்வார்கள். அதற்குப் பின்வந்த நாள்களைச் சொல்வதில்லை.

அப்படியாயின் நன்றி என்னும் சொல்லை வைத்து இவ்வுறவை அளப்பது பொருந்தாது. வேறு சொல் வேண்டும். அது தமிழிலேயே இருக்கிறது: அடைக்கலம்.

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டியான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அங்கே கடன் யார்மேல் விழுகிறது? கண்ணகிமேல் அன்று. மாதரிமேல் விழுகிறது. கண்ணகி மாதரிக்கு நன்றி பாராட்டினாளா என்று காப்பியம் ஆராயவில்லை. மாறாக, கோவலன் கொலையுண்டபின், தன்னிடம் வந்த அடைக்கலத்தைக் காக்கத் தவறினேனே என்று மாதரி தீயில் புகுந்த செய்தியைப் பின்னர் மாடலன் வாயிலாக உரைக்கிறது. கோவலன் மாண்டது மாதரியின் பிழையாலன்று. ஆயினும் அவள் தன்னைப் பொறுப்பாளியாகவே கருதினாள். அவள் முடிவை இக்காலத்தார் பின்பற்றவேண்டியதில்லை. அடைக்கலப் பொருளுக்கு ஏற்றவரே கடன்பட்டவர் என்னும் கருத்தைத்தான் இங்கே எண்ண வேண்டும்.

காப்பகத்து நாய் வீட்டுக்கு வரும் அடைக்கலம். அது அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. ராசா வீட்டுக்காரன் தன் கடனைத் தொடங்கவேயில்லை. மூன்றாம் நாளே நாயிடம் வட்டி கேட்கிறான்.

அக்கடன் எதனால் ஆனது? பெரும்பாலும் சிறுசிறு பொறுமைகளால் ஆனது. நாய் சலவை இயந்திரத்தின் பின்னே ஒதுங்கினால், அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுதல் வேண்டும். பழந்துணி ஒன்றை விரித்து, அருகில் நீர் வைத்து, பிள்ளைகள் அக்கோட்டைத் தாண்டலாகாது என்று விதித்துவிட்டால் போதும். ஒளிந்துகொள்ள ஓர் இடம் உண்டு என்னும் துணிவு பிறந்தபிறகுதான் நாய் வெளியே வரத் துணிகிறது. இழுத்து வெளியே கொணர்ந்து அன்பு காட்டுவோர் உண்டு. அவர்கள் காட்டுவது அன்பே ஆயினும், நாய் பெறுவது அச்சமே.

கையை எப்படி நீட்டுவது என்பதும் அறத்தில் அடங்கும் என்றால் சிலர் நகைக்கக்கூடும். மனிதர் அன்பு காட்டும் முறை, எதிரே வந்து, கண்ணோடு கண் நோக்கி, குனிந்து, தலையைத் தடவுதல். நாயின் வழக்கில் இவையனைத்தும் மிரட்டல்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து, கண்ணை வேறெங்கோ வைத்து, ஒரு துண்டு இறைச்சியை அருகில் போட்டுவிட்டுப் பேசாதிருப்பதே அதன் மொழியில் வணக்கம். நாயாக வந்து முகர்ந்தபின் மார்பையோ கழுத்தின் பக்கத்தையோ மெல்லத் தொடலாம். உதட்டை உயர்த்திப் பல்லைக் காட்டியதை நன்றிகேடு என்றான் தந்தை. அது உண்மையில் கடிப்பதற்கு முன் நாய் அளித்த எச்சரிக்கை. அதற்காக அடித்தால் நாய் கடிப்பதை விடாது, எச்சரிப்பதை விட்டுவிடும்.

கூடத்தை அசுத்தம் செய்ததற்கு வருவோம். 'தப்பு செய்தது அதற்கே தெரியும். முகத்தைப் பார்' என்பார்கள். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் இதனை நுட்பமாகச் சோதித்து 2009இல் வெளியிட்டார். குற்றம் செய்யாத நாயைக் கடிந்தாலும், அதே குற்ற முகத்தைத்தான் அது காட்டிற்று. அந்த முகம் கடிபவரின் குரலுக்கு மறுமொழியேயன்றி ஒப்புதல் வாக்குமூலமன்று. நீதிமன்றத்தில் இத்தகைய சான்றை எவரும் ஏற்கமாட்டார். வீட்டில் நாள்தோறும் ஏற்கப்படுகிறது. செய்யத்தக்கது எளிது. விடிந்ததும், உண்டதும், உறங்கி எழுந்ததும், இரவு கதவடைக்கும் முன்னும் வெளியே அழைத்துச் செல்லுதல். சரியான இடத்தில் கழித்ததும் அங்கேயே பாராட்டி ஒரு துண்டு தருதல். வீட்டினுள் நிகழ்ந்ததைப் பேசாமல் துடைத்துவிடுதல்.

உணவிலும் அன்பு வழிதவறுவதுண்டு. காப்பகத்தில் தின்ற உணவையே முதலில் கொடுத்து, ஒரு வாரக் காலத்தில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். தமிழர் வீட்டில் நாய்க்கென்றால் குழம்பூற்றிப் பிசைந்த சோறுதான் நினைவுக்கு வரும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். சமைத்த கோழியெலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். உண்ணிக் காய்ச்சலும், கொசுவால் பரவும் இதயப்புழுவும் இந்நாட்டில் உள்ள நோய்கள். ஆகையால் முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரைக் காண்பது நலம்.

கதவும் வேலியும் மறக்கத்தக்கன அல்ல. புது வீட்டை வீடு என்று அறியாத நாய் திறந்த கதவைக் கண்டால் ஓடும். திரும்பும் வழி அதற்குத் தெரியாது. கழுத்துவாரில் தொலைபேசி எண் இருத்தல் வேண்டும்; சிரம்பான் மாநகர் மன்றத்தின் உரிமமும் வேண்டும். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் வருமுன் தனிக் கவனம் தேவை. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் செவி 40,000க்கும் மேற்பட்டதைக் கேட்கும். வெடியோசை வீட்டாருக்குத் திருநாள். அதற்கோ இடிவிழுந்த நாள். பொழுது சாயுமுன் உலாத்திவிட்டு, சன்னல்களை அடைத்து, உள்ளறையில் வீட்டார் ஒருவர் உடனிருக்கலாம். அந்த ஒருவர் யாராக இருப்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளின் அன்பு சோதிக்கப்படுகிறது.

ராசா போன்ற ஊரில் அடைக்கலம் தருவோர் மறக்கலாகாத இன்னொருவர், பக்கத்து வீட்டார். அவர் மலாய்க் குடும்பத்தினராக இருக்கலாம். ஷாஃபி வழி ஒழுகும் முஸ்லிம்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவுதல் விதி. அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். அவருக்கு இது விருப்பு வெறுப்பு சார்ந்ததன்று; வழிபாடு சார்ந்தது. நாய் வருவதற்கு முன்பே சென்று சொல்லி, அவர் வாசற்பக்கம் விடமாட்டோம் என்று வாக்களித்து, அதைக் காத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். தன் வீட்டு நாய்க்கு இரங்குவோன் அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தினால், இறுதியில் அத்துன்பம் நாயின் தலையிலேயே விடியும். முறையீடு செய்யப்படுவது நாயின்மேல்தானே!

சட்டமும் ஏற்றவர்மேலேயே கடனைச் சுமத்துகிறது. 2017 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கின் தேவைகளை நிறைவு செய்வதை உரிமையாளரின் கடமையாக்கியது. கொடுமை செய்வோர்க்கு 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை தண்டமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் சலவை இயந்திரத்தின் பின்னே கிடக்கும் நாயிடம் பொறுமை காட்டுமாறு எந்தச் சட்டமும் கட்டளையிட இயலாது.

'அது இன்னும் வந்து சேரலப்பா' என்று பாட்டி சொன்னது எந்த நூலையும் படித்தன்று. 1980களிலும் 1990களிலும் சிரம்பானைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மரங்கள் சாய்க்கப்பட்டன, லயங்கள் காலியாயின. தட்டுமுட்டுச் சாமான்களோடு லோரியில் ஏறித் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தவர்கள் பலர். புது வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வந்தது, கூரை ஒழுகவில்லை. முன்னினும் நல்ல வீடென்று எல்லாரும் கூறினர். ஆயினும் அதிகாலையில் பெரட்டுக்கு எழும் நேரத்தில் விழித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த முதியவர்கள் எத்தனையோ பேர். நல்ல வீடு கொடுத்தோமே, ஏன் முகம் வாடியிருக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

அந்த லோரிகளில் நாய்களுக்கு இடமிருந்ததில்லை. லயத்து நாய் எவருடையது என்று தனித்துச் சொல்ல இயலாது; ஐந்தாறு வீட்டுச் சோற்றில் வளர்ந்தது அது. ஐந்தாறு வீட்டாரும் வெவ்வேறு திசைகளில் சென்றபின், வெற்று வாசல்களில் அது எத்தனை நாள் படுத்திருந்ததோ! நன்றியுள்ள விலங்கு என்று புகழ்ந்த சமுதாயம், தன் பங்குக்கு எவ்வளவு நன்றி காட்டிற்று என்னும் கேள்வி அங்கே நிற்கிறது. அடுக்குமாடியில் நாய் வளர்க்க இயலாது என்பதும் உண்மை; ஏழைக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மை. பழி சுமத்துவதற்காக அன்று இதைக் குறிப்பிடுவது. வந்து சேர்தல் என்றால் என்ன என்பதை அறிந்த தலைமுறை ஒன்று இவ்வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாயைப் பற்றி அவர்களைக் கேட்கலாம்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். பசித்த பிள்ளைகள் இருக்க, நாய்க்கு இத்தனை பாடு எதற்கு? இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. நாய்க்கு இரங்காதவன் அந்த நேரத்தைப் பசித்த பிள்ளைக்குத் தருகிறான் என்பது மெய்யானால், வாதம் வென்றுவிடும். நடைமுறையில் அவ்வாறு காண்பது அரிது. மேலும், இங்குப் பேசப்படுவது எல்லா நாய்களுக்கும் இரங்கும் கடமையன்று. தானே சென்று, தானே தேர்ந்து, கையொப்பமிட்டு அழைத்து வந்த ஒரே ஒரு நாயின்பால் உள்ள கடமை. வீட்டுக்கு அழைத்து வராதவன் இக்கடனுக்கு ஆளாவதில்லை. வளர்க்க இயலாதென அறிந்து வெறுங்கையோடு திரும்புவோனும் அறவழி நின்றவனே.

இதனினும் கடினமான கேள்வி, திருப்பிக் கொண்டுபோய் விடலாமா என்பது. புடாபெஸ்ட் நகர ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட முடிவொன்று இங்கே உதவும். காப்பகத்து நாய்களோடு ஒருவர் பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று முறை பழகினார். மொத்தம் அரை மணி நேரம். அதற்குள் அந்நாய்கள் அவரிடம் பற்றுக்கொண்ட அடையாளங்களைக் காட்டின. அன்புக்கு அவ்வளவு ஏங்கிக் கிடக்கின்றன அவை. ஒதுங்கியிருக்கும் நாய் ஒட்டவில்லை என்று எண்ணித் திருப்பிவிடுவோர், ஒட்டத் தொடங்கிய ஒன்றை அறுக்கவும் கூடும். எனினும் எந்நிலையிலும் திருப்பலாகாது என விதிப்பது பிழை. கைக்குழந்தையைக் கடிக்கும் நிலை வந்து, மருத்துவரும் பயிற்றுநரும் பார்த்தபின்னும் மாறாவிடில், நாயின் குணத்தை மறைக்காமல் உரைத்துக் காப்பகத்திலேயே ஒப்படைப்பது நேர்மை. செம்பனைக் காட்டோரம் காரை நிறுத்தி இறக்கிவிட்டு வருவது நேர்மையன்று. அடைக்கலத்தை வாங்கியவர் அதை ஒப்படைக்கவும் கடமைப்பட்டவர். மூன்றாம் நாள் சினமும் ஆறுமாத முயற்சியும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல. மூன்று நாள் மருட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் நிலைபேறு என்று நாய் வளர்ப்போரிடையே ஒரு தோராயக் கணக்கு வழங்குகிறது. சில நாய்களுக்கு அதுவும் போதாது.

ராசா வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை நாயைத் திருப்பவில்லை. மருமகள் அதற்கு ஒரு மாதம் தவணை கேட்டாள். பிள்ளைகள் சலவை இயந்திரத்தின் முன் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அதற்கு இப்பாலிருந்தே வீட்டுப்பாடம் படித்தனர். பாட்டி தம் முக்காலியைப் பின்கட்டில் போட்டு, நாயைத் திரும்பியும் பாராமல் கீரை ஆய்ந்தார். இரண்டாம் வாரம் நாய் கோட்டின் ஓரத்தில் தலையை வைத்தது. நான்காம் வாரம் பெருமழையில் இடி முழங்கியபோது, நனைந்த தரையில் ஊர்ந்து வந்து முக்காலியின் கீழே புகுந்தது. தந்தையின் செருப்போசைக்கு மட்டும் இன்னும் எழுந்து விலகிப் போகிறது. அவர் இப்போது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பின்கட்டுக்கு வருகிறார்.